தோற்கத் தெரிந்தவரே ஆடத் தகுந்தவர்

கடந்த 2025 ஜூன் முதல் நாள், நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில், வெல்லும் நிலையில் இருந்த ஆட்டத்தைத் தோற்ற மேக்னஸ் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. எதிரே அமர்ந்திருந்தவர் சென்னையின் குகேஷ். அடுத்த சில நொடிகளில் கார்ல்சன் கைகொடுத்தார்; மன்னிப்புக் கேட்டார்; அரங்கைவிட்டுச் செல்லும்போது குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்தார். தாமும் பல மேசைகளைக் குத்தியிருப்பதாகக் குகேஷ் பிறகு இயல்பாகச் சொல்லிவிட, விவகாரம் அத்தோடு முடிந்தது.

உலகமே பேசியது அந்தக் குத்தைப் பற்றித்தான். எனக்கு முக்கியமாகப்பட்டவை, குத்துக்குப் பின் வந்த சில நொடிகள். எதிரில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். அவர் முகம் தெரிந்தது. அதனால் கோபம் தானே வெட்கப்பட்டு இறங்கிவிட்டது. இதே ஆட்டம் இணையத்தில் நடந்திருந்தால், குத்தையும் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். மன்னிப்புக்கும் இடம் இருந்திருக்காது. திரையில் ஒரு புனைபெயரும் சில எண்களும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

இணையவழி விளையாட்டு இன்று சிறுவர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்துவிட்டது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற இ-ஸ்போர்ட்ஸ், 2023-இல் ஹாங்சௌவில் பதக்கத்துக்குரிய விளையாட்டானது. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு மேம்பாட்டு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சமயம், இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. சூதாட்டத்தையும் விளையாட்டையும் பிரித்துப் பார்த்த வகையில் இது நல்ல தொடக்கம். ஆனால், ஒன்றை விளையாட்டு என்று சட்டம் அங்கீகரித்துவிட்டால் மட்டும் அது விளையாட்டாகிவிடாது. விளையாட்டுக்குரிய பண்பும் அதனோடு சேர்ந்து வர வேண்டும்.

இணைய ஆட்டங்கள் பல வகைப்படும். அவற்றுள் சதுரங்கத்தையே நான் இங்கு எடுத்துக்கொள்கிறேன். அது நமக்கு நெருக்கமானது. கரோனா காலத்தில் ஏறத்தாழ முழுவதும் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. 2025-இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையிலும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் நிகழ்பவை மற்ற இணைய ஆட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஓர் எளிய கணக்கு. இணையத்தில் நம் எதிராளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கணினி தேர்ந்தெடுக்கிறது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியலாளர் அர்பாத் எலோ வகுத்த தரப்புள்ளி முறையோ, அதன் வழிவந்த ஒரு முறையோதான் இதற்கு அடிப்படை. இருவரின் புள்ளிகளும் சமமாக இருந்தால், இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சமம். 200 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு ஏறத்தாழ 76 விழுக்காடு புள்ளிகளை ஈட்டுவார் என்பது அதன் கணிப்பு. வென்றால் புள்ளி ஏறும். அடுத்து வலிமையான எதிராளி வருவார். தோற்றால் இறங்கும், எளிய எதிராளி வருவார். ஆக, ஒருவர் எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும், தமக்கு நிகரானவர்களுடனேயே ஆடிக்கொண்டிருப்பார். ஏறக்குறைய பாதி ஆட்டங்களைத் தோற்றுக்கொண்டும் இருப்பார். இது அந்த அமைப்பின் கோளாறு அன்று, அமைப்பே அதுதான்.

சமன் ஆட்டங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், நிகரான ஒருவரிடம் தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் தோற்பதற்கான வாய்ப்பு 32-இல் ஒன்று. நாளொன்றுக்குப் பத்து ஆட்டங்கள் ஆடுபவருக்கு மாதத்தில் சில முறையேனும் இது நேர்ந்தே தீரும். அப்போது அவர் மனம் கணக்கை நினைப்பதில்லை. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்கிறது. இழந்த புள்ளிகளை இன்றே மீட்க வேண்டும் என்ற வேகம் பிறக்கிறது. அந்த வேகத்தில் ஆடும் ஆறாவது ஆட்டம், முந்தைய ஐந்தைவிட மோசமாக அமைகிறது. பிறகு குற்றம் சுமத்த ஆள் தேடுகிறது மனம்: இணைய வேகம், சுட்டி, கூட்டாளி, எதிராளி. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2020-இல் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்ற இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடில் அது நடந்தது. காலிறுதியில் இந்தியாவுடன் ஆடிய ஆர்மீனியாவின் வீரர் ஒருவருக்கு ஆட்டத்தின் நடுவில் இணைப்பு அறுந்தது. ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. இரண்டாவது சுற்றை ஆட மறுத்து அந்த அணி விலகியது. இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. இரண்டு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, ரஷியாவுடனான இறுதிப் போட்டியில் நம் வீரர்கள் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது; இருவரும் நேரம் கடந்து தோற்றனர். அன்று உலகின் பல பகுதிகளில் இணையச் சேவை பாதிக்கப்பட்டிருந்தது. இந்தியா முறையிட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் அர்காதி துவோர்கோவிச் இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்.

விஸ்வநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் இடம்பெற்ற அந்த அணியின் தங்கத்தை நாம் கொண்டாடினோம், அதில் தவறில்லை. ஆனால், இரண்டு நாள் இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர நினைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? காரணங்கள் வேறாக இருக்கலாம். தீர்ப்புகளும் தத்தம் அளவில் சரியாக இருக்கலாம். எனினும், நம் இணைப்பு அறுந்தால் அநீதி என்றும், எதிராளியின் இணைப்பு அறுந்தால் விதி என்றும் எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பை ஒரு கணம் நிறுத்தி, எதிராளியின் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதைத்தான் விளையாட்டுப் பண்பு என்கிறோம்.

இணைப்பு அறுவதைக் காட்டிலும் கடினமான பிரச்னை, ஏமாற்று. இன்று ஒரு கைப்பேசியில் இயங்கும் சதுரங்க மென்பொருள் உலகச் சாம்பியனையும் வெல்லும். பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டால், கற்றுக்குட்டியும் கிராண்ட்மாஸ்டர்போல் ஆடலாம். 2021 ஜூனில் கரோனா நிவாரணத்துக்காக நடந்த இணையவழிக் காட்சி ஆட்டம் ஒன்றில் ஆனந்தை வீழ்த்திய தொழிலதிபர் ஒருவர், கணினியின் உதவியைப் பெற்றதாக மறுநாள் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஆனந்தோ, தாம் பலகையில் இருந்த நிலைக்கேற்ப ஆடியதாகவும், அதையே மற்றவர்களிடமும் எதிர்பார்த்ததாகவும் கூறியதோடு நிறுத்திக்கொண்டார். வசை இல்லை, ஏளனம் இல்லை. ஐந்து முறை உலகச் சாம்பியனாக இருந்தவருக்கு அந்தத் தோல்வியால் இழப்பு ஏதுமில்லை. ஆனால், அந்த நிதானத்தால் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது.

ஏமாற்று உண்மை என்பதாலேயே சந்தேகம் நியாயமாகிவிடாது. நான் இதை எழுதக் காரணமே இதுதான். இணைய விளையாட்டின் பெருந்தீங்கு வசைச்சொற்கள் என்று நாம் கருதுகிறோம். வசையை ஒரு பொத்தானை அழுத்தி மறைத்துவிடலாம். ஆனால், 'இவர் ஏமாற்றுகிறார்' என்று பொதுவெளியில் எறியப்படும் ஒரு சொல்லை மறைக்கும் பொத்தான் எதுவும் கிடையாது. குற்றம் செய்தவர் மாட்டிக்கொள்ளலாம். குற்றமற்றவரால் தம் நேர்மையை எப்படி நிரூபிக்க முடியும்? தம் வீட்டு அறையில் தனியாக அமர்ந்து ஆடியவருக்குச் சாட்சி யார்?

அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, இணையத்தில் லட்சக்கணக்கானோருக்குச் சதுரங்கம் கற்பித்தவர். முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், அவரது இணைய ஆட்டங்கள் குறித்து மீண்டும் மீண்டும் பொதுவெளியில் ஐயம் எழுப்பினார். நரோடிட்ஸ்கி அவற்றை மறுத்தார். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. தம் கடைசி நேரலையில் அந்தக் குற்றச்சாட்டுகள் தம்மேல் ஏற்றிய சுமையைப் பற்றி அவர் பேசினார். 2025 அக்டோபரில், 29 வயதில் அவர் மறைந்தார். அவரது மறைவுக்கு இதுதான் காரணம் என்று கூற நமக்கு உரிமையில்லை. தாம் தவறு செய்யவில்லை என்பதே கிராம்னிக்கின் நிலைப்பாடு. ஆனால், ஓர் இளைஞர் தம் நேர்மையை நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் வாழ்ந்தார் என்பதை எவரும் மறுக்க முடியாது. கிராம்னிக்கின் பொதுக் கருத்துகளை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் நெறிமுறை ஆணையத்தின் பார்வைக்கு அனுப்பியது. அந்த நடவடிக்கை காலம் கடந்தே வந்தது.

சந்தேகத்துக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது, 'இப்படித் தொடர்ந்து வெல்வது சாத்தியமா?' என்ற கேள்வியைத்தான். மீண்டும் கணக்குக்கு வருவோம். ஓர் ஆட்டத்தில் வெல்ல நூற்றுக்கு 76 வாய்ப்பு உள்ளவர், தொடர்ந்து பத்து ஆட்டங்களை வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 16-இல் ஒன்று. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆடும் ஒருவரிடம் இத்தகைய தொடர் வெற்றிகள் இல்லாமற்போனால்தான் வியப்பு. அரிதாகத் தோன்றுவதெல்லாம் குற்றமல்ல. உண்மையான ஐயம் எழுந்தால் அதற்கு வழி இருக்கிறது. பெரிய சதுரங்கத் தளங்கள் ஆட்டங்களை ஆய்ந்து, விதிமீறியவர்களின் கணக்குகளை மூடுகின்றன. பாதிக்கப்பட்டவரின் புள்ளிகளைத் திருப்பித் தருவதும் உண்டு. புகாரை உரிய இடத்தில் அமைதியாகப் பதிந்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் செல்வதே பொறுப்புள்ள செயல். தெருவில் நின்று கூவுவது நீதி கேட்பதாகாது.

குழுவாக ஆடும் போர் விளையாட்டுகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. அங்கே முகம் தெரியாத எதிராளியோடு முகம் தெரியாத கூட்டாளிகளும் இருக்கிறார்கள்; தோல்வியின் பழி முதலில் அவர்கள்மேல் விழுகிறது. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் உரிமையாளரான ரயட் கேம்ஸ் நிறுவனம், தண்டனை மட்டும் போதாது என்று உணர்ந்து, நல்ல முறையில் ஆடியவர்களைச் சக வீரர்களே பாராட்டிக் குறிக்கும் ஏற்பாட்டை 2012-இல் கொண்டுவந்தது. தீயதைத் தண்டிப்பதோடு நல்லதைக் கண்ணில் படவைப்பதும் வேண்டும் என்பது பள்ளி ஆசிரியர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மைதான்.

இனி செய்ய வேண்டியவை என்ன? ஆடுபவர்களுக்கு நான் முன்வைப்பவை சில எளிய பழக்கங்களே. தொடர்ந்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் எழுந்துவிடுவது. அன்றைய புள்ளியைப் பார்க்காமல், தோற்ற ஆட்டத்தில் தவறிய ஒரு நகர்வைப் பார்ப்பது. வென்றாலும் தோற்றாலும் 'நல்ல ஆட்டம்' என்று ஒரு வரி எழுதுவது. வசை வந்தால் பதில் தராமல் அந்த உரையாடலை மூடிவிடுவது. இவை மனத்தைக் காக்கும், ஆட்டத்தையும் மேம்படுத்தும்.

பெற்றோர்களும் பயிற்சியாளர்களும், 'எவ்வளவு புள்ளி ஏறியது?' என்பதற்குப் பதிலாக 'இன்று என்ன கற்றாய்?' என்று கேட்கத் தொடங்கினாலே பாதிப் பிரச்னை தீரும். புள்ளி ஒன்றே மதிப்பு என்று வீட்டில் கற்கும் பிள்ளை, புள்ளிக்காக மென்பொருளைத் திறக்கவும் தயங்காது. புள்ளி பறிபோனால் பிறரைப் பழிக்கவும் தயங்காது. ஏமாற்றும் அவதூறும் ஒரே வேரில் முளைப்பவை. தோல்வியைத் தாங்க முடியாமையே அந்த வேர்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. புதிய சட்டம், இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வகுக்கவும், பயிற்சி நிலையங்களுக்கு வழிசெய்யவும் இடமளிக்கிறது. அந்த நெறிகளில் பரிசுத்தொகையும் பதிவும் மட்டும் இடம்பெற்றால் போதாது. ஏமாற்றுக்கு என்ன தண்டனை, புகாரை விசாரிப்பது யார், எத்தனை நாள்களில் முடிவு, ஆதாரமின்றிப் பொதுவெளியில் குற்றம் சுமத்தும் வீரர்மேல் என்ன நடவடிக்கை ஆகியவை தெளிவாக எழுதப்பட வேண்டும். நேர்மையாக ஆடுபவருக்கு, ஏமாற்றுபவரிடமிருந்தும் அவதூறிலிருந்தும் ஒரே அளவில் பாதுகாப்பு வேண்டும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆன அந்த நிமிடத்திலும், கண்ணீர் வழியக் காய்களை அவற்றுக்குரிய கட்டங்களில் மீண்டும் அடுக்கி வைத்துவிட்டே குகேஷ் எழுந்தார். எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை. இணையத்தில் அந்த வேலையைக் கணினியே ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. அடுத்த ஆட்டத்துக்குக் காய்கள் தயாராக நிற்கின்றன. மனத்தை மட்டும் நாமேதான் அடுக்கி வைக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்பவரே அடுத்த ஆட்டத்துக்குத் தகுதியானவர்.