முதல் வரலாம், முதலாளி வரக் கூடாதா?

அம்பத்தூரில் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால் குழந்தையும் சொல்லும். ஸ்டெட்ஃபோர்டு யார் என்று கேட்டால்தான் பெரியவர்களும் விழிப்பார்கள். சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு, இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் குழுமமும் நம்மூர் முருகப்பா குடும்பமும் 1949-இல் கூட்டுச் சேர்ந்ததால்தான் அம்பத்தூருக்கு சைக்கிள் தொழிற்சாலையும், பின்னால் 1955-இல் ஆவடிக்குக் குழாய்த் தொழிற்சாலையும் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் நான்கிலும் பிரிட்டிஷ் கம்பெனிகள் கூட்டு.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு முதலை உள்ளே கொண்டுவர டெல்லியில் லைசென்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். ஆனால் பணம் போட்ட துரை தன் தொழிற்சாலையைப் பார்க்க வருவதற்கு விசா வேண்டியதில்லை. பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அந்தக் கட்டாயம் 1984-இல்தான் வந்தது. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். உற்பத்தித் துறையில் நூறு சதவீத அந்நிய முதலீடு, முன் அனுமதி எதுவும் கேட்காமல் வங்கி வழியாகவே வந்து சேரலாம். பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குப் படிவம் போட்டால் போதும். பணத்துக்கு உரியவர் வந்து இங்கே உட்கார்ந்து தொழில் பார்ப்பதுதான் பெரும்பாடு.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் நான். பிரஸ் ஷாப், டூல் ரூம், ஸ்பிரிங் போடுகிறவர்கள், முலாம் பூசுகிறவர்கள் என்று என்னிடம் வரும் பார்ட்டிகள் எல்லோருமே பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர்கள். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களுக்கு விசா பார்க்கவே தனி ஆள் உண்டு, வக்கீல் உண்டு, தேவைப்பட்டால் தூதரகம் உண்டு. நான் சொல்ல வந்தது இரண்டு கோடி, மூன்று கோடி ரூபாயோடு வரும் சின்ன முதலாளியைப் பற்றி.

உதாரணத்துக்கு ஒருவர். தைவானில் மெஷின் டூல் தொழிலுக்குப் பேர்போன தாய்ச்சுங் நகரத்தில் சிறிய டூல் ரூம் நடத்துகிறவர். எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான ஐமா, நந்தம்பாக்கத்தில் நடத்தும் ஆக்மி கண்காட்சிக்கு வந்தபோது என் பார்ட்டி ஒருவருக்குப் பழக்கமானார். இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்குவது, தைவான்காரர் இரண்டு கோடி போடுவது, மெஷினோடு தானும் வந்து நம் பையன்களுக்கு டை வேலை கற்றுத் தருவது என்று பேச்சு. அவருடைய முதலில் பாதி பணம் என்றால், மீதிப் பாதி அவர் கைதான். பெரிய கம்பெனி பணத்தை ஒரு வழியாகவும் ஆளை வேறு வழியாகவும் அனுப்பும். சின்னவரிடம் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது. நம் விதிகள் இதைத்தான் யோசிக்கவில்லை.

முதல் படி சுலபம்தான். மின்னணு பிசினஸ் விசா ஓராண்டுக்குக் கிடைக்கிறது, பலமுறை வந்து போகலாம். கம்பெனிப் பதிவு விதிகளின்படி, வெளிநாட்டவர் இந்தியாவுக்கு வந்து இங்கேயே பதிவுப் பத்திரங்களில் கையெழுத்திட வேண்டுமென்றால் அவரிடம் செல்லுபடியாகும் பிசினஸ் விசா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஊரிலேயே நோட்டரி, அப்போஸ்டில் என்று அலைய வேண்டும். தைவான் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை, நமக்கு அங்கே தூதரகமும் இல்லை. அதனால் தைபேயில் இருக்கும் இந்தியா தைபே சங்கத்தின் கதவைத் தட்ட வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்து மகாபலிபுரம் பார்த்த கையோடு கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போகிறேன் என்பவர்கள் உண்டு. அது செல்லாது. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் அன்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது படியில்தான் கால் இடறுகிறது. கம்பெனி சட்டம் 2013, பிரிவு 149-இன்படி ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு டைரக்டராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். மின்னணு பிசினஸ் விசாவில் ஒருமுறை வந்தால் தொடர்ந்து தங்கக் கூடிய உச்சவரம்பு 180 நாள். இரண்டு அமைச்சகங்களும் ஒரு டீ குடித்துப் பேசியிருந்தால் இந்த இரண்டு நாள் வித்தியாசம் வந்திருக்காது. ஊருக்கு ஒருமுறை போய்வந்து கணக்கை நேர் செய்யலாம், தடையில்லை. ஆனால் 182 நாள் ஆனதும் வருமான வரிச் சட்டப்படி அவர் இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். இப்படியே சில ஆண்டுகள் போனால் தைவானில் சம்பாதிப்பதற்கும் இங்கே கணக்குக் காட்ட நேரும்.

இந்த 182 நாள் நிபந்தனை என் தொழிலில் ஒரு அசிங்கமான சந்தையை உண்டாக்கிவிட்டது. "ஒரு ரெசிடென்ட் டைரக்டர் ஏற்பாடு பண்ணிக் குடுங்க மேடம், மாசம் இவ்வளவு குடுத்துடறோம்" என்று கேட்டுத் தொலைபேசி வருவது எனக்குப் புதிதில்லை. டிரைவர், ஆபீஸ் பையன், தூரத்து உறவு என்று யாரையாவது டைரக்டராக்கி விடுகிறார்கள். பிராவிடண்ட் ஃபண்ட் கட்டாமல் விட்டாலும், காசோலை திரும்பினாலும் நோட்டீஸ் அந்தப் பையன் வீட்டுக்குத்தான் போகும். சீனக் கடன் செயலிகள் விவகாரம் வெடித்த 2022-இல் டம்மி டைரக்டர்களைக் கொடுத்தவர்கள் கைதானதும், ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரிகள் பலர் விசாரணைக்கு உள்ளானதும் நினைவிருக்கலாம். நேர்மையான முதலீட்டாளர் தானே வந்து உட்காரத் தயாராக இருக்கிறார் என்றால், அவரை உட்கார விடுவதுதான் டம்மிகளை ஒழிக்கும் வழி.

எங்கள் உள்ளூர்க் கூட்டாளியே இங்கு இருப்பதால் டைரக்டர் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த கேள்வி, தைவான்காரர் வந்து என்ன செய்யலாம்? கூட்டாளியாகவோ டைரக்டராகவோ இருப்பவருக்கு பிசினஸ் விசா உண்டு. மீட்டிங் போடலாம், ஒப்பந்தம் பேசலாம். ஆனால் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேர வேலை பார்க்கக் கூடாது. அதற்கு வேலைவாய்ப்பு விசா. அதற்கோ ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். முதல் வருஷம் கரண்ட் பில் கட்டவே திண்டாடும் கம்பெனியிலிருந்து அதன் சொந்த முதலாளி 16 லட்சம் எடுத்தாக வேண்டும்! சம்பளமே வாங்காமல், ஷெட்டில் நின்று டையைப் பொருத்திக் காட்டினால் அது பிசினஸா, வேலையா? விதிப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் தெளிவான பதில் இல்லை. கேட்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது என்றுதான் நான் சொல்ல முடிந்தது. பிசினஸ் விசாவில் வந்து புராஜெக்ட் வேலை பார்த்த வெளிநாட்டவர்களை 2009-இல் அரசு மொத்தமாக வெளியேறச் சொன்ன கதையையும் சொன்னேன். மனிதர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் இரண்டு கோடி வரவில்லை. வரைபடங்களும் ஒரு ராயல்டி ஒப்பந்தமும் வந்தன. பையன்கள் வீடியோ காலில் டை வேலை கற்றுக்கொள்கிறார்கள்.

மேலே ஏற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளருக்கு நிரந்தர வசிப்புத் தகுதி தரும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2016 ஆகஸ்டில் ஏற்றது. பத்தாண்டு தங்கலாம், மனைவி மக்கள் வேலை பார்க்கலாம், குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம். நல்ல திட்டம். ஆனால் 18 மாதத்தில் 10 கோடி, அல்லது 36 மாதத்தில் 25 கோடி போட வேண்டும். ஆண்டுதோறும் 20 இந்தியர்களுக்காவது வேலை தர வேண்டும். எஸ்டேட்டில் 20 பேர் வேலை பார்க்கும் ஷெட் எத்தனையோ இருக்கிறது. 10 கோடி போட்ட ஷெட் எத்தனை என்று நடந்து பார்த்தால் தெரியும். 2025 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் அரசின் சொந்த வரையறைப்படி, இயந்திரங்களில் இரண்டரைக் கோடி வரை போட்டது குறுந்தொழில், 25 கோடி வரை போட்டது சிறுதொழில். ஆக, அரசு குறுந்தொழில் என்று பெயர் வைத்திருக்கும் எந்த அலகையும் தொடங்கும் வெளிநாட்டவர் இந்தத் திட்டத்தின் வாசலில்கூட நிற்க முடியாது.

ஜப்பானில் சொந்தத் தொழில் நடத்த வரும் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச முதல் நெடுங்காலம் 50 லட்சம் யென்னாக இருந்தது; நம் கணக்கில் சுமார் 30 லட்சம் ரூபாய். பெயருக்குக் கம்பெனி வைத்துக் குடியேறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று 2025 அக்டோபரில் அதை 3 கோடி யென்னாக உயர்த்தினார்கள். கெடுபிடி செய்த பிறகும் அது நம் 10 கோடி ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவில்லை.

பாதுகாப்பு என்று ஒரு வாதம் வரும். அதை நான் தள்ளவில்லை. நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த அறிவிப்பும், அந்நாட்டுக் குடிமக்கள் இங்கே டைரக்டர் ஆக உள்துறையின் ஒப்புதல் வேண்டும் என்று 2022-இல் வந்த விதியும் காரணமில்லாமல் வரவில்லை. எங்கள் தைவான்காரரிடமும் நான் முதலில் கேட்டது, பணம் ஹாங்காங் வழியாக வருகிறதா என்றுதான். ஆளை நன்றாகச் சோதியுங்கள். சோதித்து முடித்த பிறகாவது அவருக்கு ஒரு தெளிவான விசா கொடுங்கள் என்பதுதான் என் வழக்கு.

அரசியல் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது இதில் இன்னொரு சங்கடம். கனடாவோடு உரசல் வந்தபோது 2023 செப்டம்பர் 21 அன்று கனடியர்களுக்கு விசா நின்றது. பிசினஸ் விசா அக்டோபர் 26-இல் திரும்ப வந்தது. டொரொன்டோவிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் மசாலா அரைக்கும் யூனிட்டில் பங்கு போட நினைத்த யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் அந்த இடைவெளியில் மாட்டினார். அதே தெருவில் குடியிருக்கும் காரைக்குடிக்காரர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டி விமானம் ஏறினார். இருவர் பாஸ்போர்ட்டும் கனடாதான், இருவர் வீட்டிலும் தமிழ்தான்.

எப்படியோ வந்து சேர்ந்தாலும் வீடு கிடைப்பது தனிக் கதை. வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்தில் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். பழைய அந்நியர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் புதுக் குடிவரவுச் சட்டம் அமலான பிறகும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. பத்து நிமிட வேலைதான். ஆனால் போலீஸ், பதிவு என்ற சொற்கள் காதில் விழுந்ததுமே முகப்பேரில் வீட்டுக்காரர் "என் பொண்ணு திரும்பி வர்றா" என்று சொல்லிவிடுகிறார்.

அரசால் முடியாதது ஒன்றும் இல்லை. மெஷினை நிறுவித் தரவும் உற்பத்தியைத் தொடங்கி வைக்கவும் வரும் வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கென்றே இப்போது தனியாக ஒரு மின்னணு பிசினஸ் விசா வந்துவிட்டது. அழைக்கும் கம்பெனி தேசிய ஒற்றைச் சாளரத் தளத்தில் நுழைந்து அழைப்புக் கடிதத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம். முன்பு இந்தப் பொறியாளர்கள் வேலைவாய்ப்பு விசாவுக்கு அலைந்தார்கள். பெரிய ஆலைகள் கேட்டன, நடந்தது. மெஷினோடு வரும் பொறியாளருக்கு விசா உண்டு. மெஷினை வாங்கிப் போடும் சின்ன முதலாளிக்குத்தான் இல்லை. அதே தளத்தில் அவருக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம். அம்பத்தூருக்குக் கிண்டியிலும் ஆவடி, பூந்தமல்லிக்குக் காக்களூரிலும் மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன. ஷெட் இருக்கிறதா, மெஷின் இருக்கிறதா, ஆட்கள் வேலை பார்க்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துச் சான்று தர அவர்களைவிடத் தகுதியானவர் டெல்லியில் கிடையாது.

தமிழ்நாடு அரசும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இரண்டு கோடிக்காரருக்கு அந்த மேடையில் நாற்காலி கேட்கவில்லை. விசா மத்திய அரசின் விஷயம் என்று கைகழுவாமல், தொழில் துறை டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அதில் கேட்க வேண்டியவை அதிகமில்லை: தன் கம்பெனியில் தானே வேலை பார்க்கும் முதலீட்டாளருக்கு மூன்று ஆண்டுக்குச் சம்பள வரம்பிலிருந்து விலக்கு; பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவருக்கு, இரண்டரைக் கோடி போட்டிருந்தால் வசிப்புத் தகுதி. 10 கோடி வரம்பு 2016-இல் போட்டது. குறுந்தொழிலின் வரையறையை 2025-இல் திருத்தியவர்கள் இதையும் திருத்தலாம்.