நிரூபிக்க வேண்டியவர் யார்?

வேலூர் லாங் பஜாரில் வாங்கிய பருப்பின் எடையில் ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட தராசைக் காட்ட வேண்டியவர் கடைக்காரரே. தராசு அவர் கையில்தானே இருக்கிறது. சட்டம் இதை 'நிரூபிக்கும் பொறுப்பு' என்கிறது. செயற்கை நுண்ணறிவு நீதிமன்ற வாசலுக்கு வந்துவிட்ட இன்று, அப்பொறுப்பை இயந்திரம் யார் தலையில் வைக்கும் என்பதே நம் கேள்வி.

வாதங்கள் எவ்வாறு நிற்கின்றன, எவ்வாறு வீழ்கின்றன என்பதை ஆராய்வது வாதக் கோட்பாடு. 1958இல் ஸ்டீபன் டூல்மின் நீதிமன்ற வாதத்தை முன்மாதிரியாகக் கொண்டு அதை விளக்கினார். 1995இல் ஃபான் மின் டுங் வாதங்களின் மோதலுக்குக் கணித வடிவம் தந்தார். தாக்கப்படாத வாதம் நிற்கும். தாக்கப்பட்ட வாதமோ, தன்னைத் தாக்கியது வீழ்த்தப்பட்டால் மீண்டும் எழும்.

ஆம்பூர்த் தோல் ஆலையொன்றின் செப்டிக் தொட்டியில் பாதுகாப்புச் சாதனமின்றி இறங்கிய தலித் தொழிலாளி இறந்ததாகக் கொள்வோம். 'ஆலையே பொறுப்பு' என்கிறது குடும்பம். 'அவர் ஒப்பந்ததாரரின் ஆள்' என்கிறது நிர்வாகம். முதல் வாதம் வீழ்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் இவ்வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்னும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவை முன்வைத்தால், குடும்பத்தின் வாதம் மீண்டும் எழுகிறது. அதை எடுத்துரைக்க வழக்கறிஞர் இல்லையெனில்? நிர்வாகத்தின் வாதம் தாக்கப்படாமல் வென்றுவிடும். கணக்கில் பிழை இருக்காது; நீதிதான் இருக்காது.

ஆகவே, எவருடைய மௌனம் எவருக்குச் சாதகமாகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது சட்டம். பாலாற்றைத் தோல் கழிவு நஞ்சாக்கிய வழக்கில், 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று தொழில் நடத்துபவரே நிரூபிக்க வேண்டும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வழியே சென்றது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், அவர்களின் சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இவை இரண்டும் போராடிப் பெற்றவை.

நீதிபதியின் முடிவுக்குச் செயற்கை நுண்ணறிவு மாற்றாகக் கூடாது என 2025இல் கேரள உயர் நீதிமன்றம் கொள்கை வகுத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் ஆவணங்களைச் சுருக்கித் தரும் கருவியும் ஒரு வாதத்தை விட்டுவிட முடியும். சம்பளச் சீட்டே இல்லாதவரின் வாதம் அதில் எங்கே பதிவாகும்? எந்தக் கருவி வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தராசு யார் கையில் இருக்கிறது?