தெரியாததெல்லாம் தெய்வச் செயலா?

2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி நடுநிசிக்குப் பின், 227 பிரயாணிகளும் 12 சிப்பந்திகளுமாக 239 பேரை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட மலேசிய ஆகாய விமானம், முக்கால் மணி நேரத்திற்குள் பேச்சு மூச்சற்றுப் போயிற்று. காரணம் இன்னதென்று நிர்ணயிக்க முடியவில்லை என்று 2018-ல் வந்த மலேசிய விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டது.

இது போதாதா புரட்டர்களுக்கு? அந்த வாரமே ஒரு மந்திரவாதி தேங்காயும் மூங்கில் குழாயுமாகக் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து மந்திரம் போட்டார். கோவில், மசூதி, சர்ச்சு, புத்த விகாரம் எல்லாவற்றிலும் பிரார்த்தனை நடந்தது. துக்கப்பட்டவர்கள் அழுது தொழுததை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: எந்தத் திசையில் தேடுவது என்று எந்தத் தெய்வமாவது சொல்லிற்றா?

சொன்னது எது தெரியுமா? வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள். விமானத்தின் கருவி சுமார் மணிக்கொரு தடவை அதற்குக் கொடுத்துவந்த குறிப்பு காலை 8-19 வரை வந்திருக்கிறது. அக்குறிப்புகளைக் கணக்கிட்டே, விமானம் தெற்கு இந்துமகா சமுத்திரத்தில் முடிந்தது என்று கண்டார்கள். 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு, அதிலிருந்த எண்களைக் கொண்டு அவ்விமானத்தினுடையதே என்று ருஜுவாயிற்று. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவியும் உடல் பாகம் அகப்படாமல், 2017 ஜனவரியில் அத்தேடுதல் நிறுத்தப்பட்டது. அறிவு இன்னும் ஜெயிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் இவ்வளவு தூரம் வந்தது அறிவு ஒன்றுதானே!

"அது விதி, ஆண்டவன் சித்தம்" என்பவர்களுக்கு வேறொரு சங்கதி சொல்லுகிறோம். 2009 ஜூன் 1-ந் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன பிரெஞ்சு விமானம் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. ஏறக்குறைய 2 வருஷம் அதுவும் "மர்மம்"தான். 2011-ல் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவிகளை எடுத்துப் பார்த்தால், வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததும், அதனால் விமானிகள் தடுமாறித் தவறாக ஓட்டியதும் வெளியாயின. குழாய் மாற்றப்பட்டது, விமானிகளுக்குப் பயிற்சியும் திருத்தப்பட்டது. விதி என்று சும்மா இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

விதி என்று சொல்லுவதில் மற்றொரு சூதும் இருக்கிறது. விதியானால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மலேசிய விமானம் மேற்கே திரும்பியது ராணுவ ராடாரில் பதிவாகியிருந்தும், மார்ச்சு 15-ந் தேதி வரை கிழக்கே தென்சீனக் கடலிலும் தேடினார்களே, அதற்கு யார் ஜவாப்தாரி? உறவினர்கள் சிலருக்கு மரணச் செய்தி கைபேசிக் குறுஞ்செய்தியாகப் போயிற்றே, அதுவும் ஆண்டவன் சித்தமா? கேள்வி கேட்ட ஜனங்களால்தான், கடலில் 30 நாளில் ஓயும் பெட்டியின் ஒலியை 90 நாளாக்கும் விதி வந்தது. கடல்மேல் பறக்கும் பெரிய விமானத்தின் இடத்தை 15 நிமிஷத்துக்கொரு தரம் அறியவேண்டுமென்று 2018 முதல் ஏற்பாடாயிற்று.

தோழர்களே! "தெரியவில்லை" என்று சொல்லுவதில் வெட்கமில்லை. அது தேடுகிறவனுடைய வார்த்தை. "தெய்வச் செயல்" என்பதோ தேடுவதை நிறுத்தச் சொல்லுகிறவனுடைய வார்த்தை. அந்த 239 பேருடைய குடும்பங்களுக்கு வேண்டியது எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.