மணலுக்கு எலி சொல்லும் சாட்சி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வெளியே வந்த நம் குடும்பங்களில் ஒரு கேள்வி ஓயவேயில்லை. நம் கடற்கரைக் கருமணல் பிள்ளைகளின் பரம்பரையைக் கெடுக்குமா? 1956-ல் மாநில எல்லை பிரிந்தபோது நம் ஊர்கள் கேரளத்தோடு நின்றன. மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு சேர்ந்தது. மணலுக்கு அந்த எல்லை தெரியாது. மணவாளக்குறிச்சியிலும், வடக்கே சவறாவிலும் மோனசைட் மணலில் தோரியம் கலந்திருக்கிறது.

1966-ல் வெளிவந்த குரூனிபெர்க் குழுவின் அறிக்கை, கேரளக் கரையில் பிடித்த எலிகளின் எலும்பையும் பல்லையும் பார்த்து, பாதிப்பு தெரியவில்லை என்றது. 2002-ல் ஃபார்ஸ்டர் குழு 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரின் தாய்வழி மரபணுவைச் சோதித்து, திடீர் மாற்றங்கள் அதிகம் என்றது. 2009-ல் வெளியான கருநாகப்பள்ளி ஆய்வு, ஏறக்குறைய 70,000 பேரைக் கவனித்து, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்றது. இவற்றை ஒன்றுக்கொன்று எதிராக வைத்து வாதாடுவது வீண். ஒவ்வொன்றும் அளந்தது வேறு வேறு.

உயிருள்ள உடலில் திடீர் மாற்றத்தையே நேராக எண்ணும் வழியும் உண்டு. பாக்டீரியாவின் ஒரு மரபணுவை எலியின் எல்லா உயிரணுக்களிலும் சேர்த்து வளர்க்கிறார்கள். 'பிக் புளூ' என்ற எலி வகை 1990-களின் தொடக்கத்தில் வந்தது. எலிக்கு அந்த மரபணுவால் பயனில்லை. ஆகவே அதில் விழுந்த மாற்றம் அழியாமல் தங்கும். பின்னர் ஈரலிலிருந்தோ விந்தணுவிலிருந்தோ அதைப் பிரித்தெடுத்து பாக்டீரியாவில் சோதித்தால், மாறியவை நீலப் புள்ளியாகத் தெரியும். எண்ணிவிடலாம்.

குறையும் உண்டு. கதிர்வீச்சால் மரபணுவின் பெரிய துண்டுகள் அறுந்து போவதை இம்முறை பெரும்பாலும் தவறவிடும். அதற்கென ஜப்பானில் 1996-ல் 'ஜிபிடி டெல்டா' எலி உருவானது. எலி மனிதனல்ல என்பதும் உண்மைதான். ஆனால் இடம்பெயர்வு, புகையிலை, உணவு என்று மனித ஆய்வைக் குழப்பும் காரணங்கள் கூண்டு எலிக்கு இல்லை.

கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்தை 2024-ல் மக்கள் எதிர்த்தார்கள். என் கருத்து இதுதான்: தோண்டும் முன் எண்ணுங்கள். கருமணல் மேல் ஒரு கூண்டு, சாதாரண மண் மேல் ஒரு கூண்டு, தலைமுறை தலைமுறையாகக் கணக்கு. முடிவு எதுவானாலும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகி ஊராருக்குக் கிடைக்கட்டும். வெளியூரில் இருக்கும் நாம், வதந்தியைக் கடத்துவதை விட்டு, இந்தக் கோரிக்கையை ஊருக்கு எழுதுவோம்.