விதைநெல்லை விற்பார் உளரோ?

குதிரில் கிடக்கும் நெல் வேறு. கோட்டை கட்டிவைத்த விதைநெல் வேறு. முன்னதை விலைக்கு விற்கலாம். பின்னதை, அதுவும் நம் வரப்பை அரிக்கும் அண்டைக்காரனுக்கு, எவனும் அளந்து கொடான். நெருக்கடிக்கென ஒரு நாடு சேமித்துவைக்கும் கல்லெண்ணெயும் விதைநெல்லே. (பெட்ரோலியம் என்பதைப் பிரித்தால் கிரேக்கக் கல்லும் இலத்தீன எண்ணெயுமே கிடைக்கும். கல்லெண்ணெய் என்னும் சொல்லை எள்ளி நகைக்கும் படிப்பாளிகள் அறிக!)

அமெரிக்கா 2022இல் விலையேற்றத்தைத் தணிக்கத் தன் சேமக் கிடங்கினின்று 18 கோடிப் பீப்பாய் எண்ணெயை வெளிவிட முடிவு செய்தது. மிகுவிலை கேட்டார்க்கே கொடுப்பது அங்குள்ள முறை. அம்முறையால் ஏறத்தாழ 9.5 இலக்கம் பீப்பாய், சீன அரசின் சினோபெக்கைச் சார்ந்த யூனிபெக் கைக்குப் போயிற்று. பின்னரே விழித்துக்கொண்ட கீழவை, 2023 சனவரியில் 331 பேர் இசைய, 97 பேர் மறுக்கத் தடைச் சட்டவரைவை நிறைவேற்றியது. எண்ணெய் எங்குப் போயினும் உலக விலை தணியும், தடை வெறுங்கூச்சல் என்பர் பொருளியலார் சிலர். சந்தை எண்ணெய்க்கு அது பொருந்தும். வாங்கியவன் எரிக்காமல் தன் கிடங்கை நிரப்பிக்கொண்டால் விலை எங்ஙனம் தணியும்? விற்றவன் இருப்புக் குறைய, அவன் இருப்பன்றோ பெருகும்?

இந்திய அரசு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்றிடங்களில் பாறையைக் குடைந்து 53.3 இலக்கம் டன் கொள்ளும் கிடங்குகளை அமைத்துள்ளது. முழுதும் நிரம்பினும் ஏறத்தாழ ஒன்பதரை நாளுக்கே போதும். வளைகுடாவில் உழைப்போர் இல்லாத தெரு எம் இலப்பைக்குடிக்காட்டில் அரிது; அங்குப் போர் மூண்டால் என்னாகும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டா. 2021 நவம்பரில் 50 இலக்கம் பீப்பாய் விற்பதாக அறிவித்தபோது, குழாய்வழி இணைந்த உள்நாட்டு ஆலைகளுக்கே என்றனர். நன்று. ஆனால் 2018இல் அபுதாபி நிறுவனத்தின் எண்ணெயும் மங்களூர்க் கிடங்கிற்கு வந்தது. நெருக்கடியில் முதலுரிமை இந்தியாவுக்கு என்பது ஏற்பாடு. ஏனை நாள்களில் அஃது எவர்க்கு விற்கப்படலாகாது என்பதையும் சட்டமாகவே எழுதிவைத்தல் வேண்டும்.

தில்லிக்கு இத்தகு வரையறை புதிதன்று. 1987இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட மடல்களில், திருக்கோணமலை எண்ணெய்க் கிடங்கை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகவே சீர்செய்து இயக்கும் என்றும், அத்துறைமுகம் இந்தியாவுக்குக் கேடாக எந்நாட்டுப் படைக்கும் விடப்படாது என்றும் எழுதினர். 2022 சனவரியில் அங்குள்ள 99 கலன்களுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கை நிறுவனத்துக்கும், 61 இருவர் கூட்டுக்குமாகப் பங்கிடப்பட்டன. இருமுறையும் கையொப்பமிட்டோருள் அம்மண்ணின் தமிழர் சார்பில் எவரும் இலர்.