புலி வருமா சார்?

டிசம்பர் பிறந்தாலே டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பு எட்டிப் பார்த்துவிடும். ‘மூன்று நாள் முதுமலைப் பயணம். வனவிலங்கு சஃபாரி மற்றும் சமூக சேவை முகாம். விருப்பமுள்ள மாணவ, மாணவியர் பெயர் கொடுக்கவும்.’ அடுத்த அரை மணி நேரத்தில் பேர் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். முதல் கேள்வி, ‘‘புலி வருமா சார்?’’ ரெண்டாவது, ‘‘சிக்னல் கிடைக்குமா?’’ மூணாவது, ‘‘சர்டிஃபிகேட் உண்டுல்ல?’’

தப்பே இல்லை ஃப்ரெண்ட்ஸ். நானும் இப்படி பஸ் ஏறினவன்தான். (சிக்னலுக்குப் பதிலா ‘பஸ்ல வீடியோ உண்டா?’னு கேட்ட தலைமுறை!) ஆனா, அந்த நோட்டீஸில் ‘சமூக சேவை’னு ரெண்டு வார்த்தை இருக்கே... அதைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை. அங்கே போய் என்ன செய்யப் போறோம்? யார் கேட்டு செய்யப் போறோம்? இந்த வாரம் அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல என் சோகக் கதை. காலேஜில் ரெண்டாம் வருஷம். என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாம். சத்தியமங்கலம் பக்கம் காட்டோரமா ஒரு சின்ன ஊர். பிப்ரவரி மாசக் கடைசி. போய் இறங்கின மறுநாளே பேனர் கட்டி, 200 மரக்கன்று நட்டோம். கை எல்லாம் கொப்புளம். பிரின்சிபால் வந்து ஒரு கன்றுக்கு மட்டும் தண்ணி ஊத்தினார், போட்டோ எடுத்தார், கிளம்பினார். நான் நெற்றி வியர்வையைத் துடைச்சுக்கிட்டு ஹீரோ மாதிரி நிக்கறேன்... திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தர் மெதுவா கேட்டார், ‘‘ஏங்கண்ணு... மண்ணு பொதபொதன்னு இருந்துதா?’’

‘‘ஆமாங்க பாட்டி, ஈஸியாத்தான் இருந்துச்சு.’’

‘‘இருக்குமல்ல! போன வருசம் வந்த புள்ளைகளும் இதே குழியத்தானே நோண்டிட்டுப் போனாங்க.’’

பொட்டில் அறைஞ்ச மாதிரி இருந்தது பாஸ். பிப்ரவரியில் நட்டா, அடுத்து வர்றது கோடை. 200 கன்றுக்கு யார் தண்ணி ஊத்துவாங்க? குடிக்கிற தண்ணிக்கே அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் குடத்தோட நடந்துக்கிட்டு இருந்தாங்க. எங்களுக்கு முகாம் தேதி செமஸ்டர் லீவை வெச்சு முடிவாகுது. மழையை வெச்சு இல்லை. போன வருஷக் கன்றுகள் செத்ததும் அதே காரணத்தால்தான்.

இத்தனைக்கும் என்.எஸ்.எஸ். ஒண்ணும் நேத்துப் பெய்த மழையில் இன்னைக்கு முளைத்த காளான் கிடையாது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஒரு ஏழு நாள் முகாம். ‘நானல்ல, நீ’ என்பதுதான் தாரக மந்திரம். எங்க முகாமில் அது ‘நான்... நான்... ப்ளீஸ், இன்னொரு போட்டோ’ என்று ஆகிப்போச்சு!

சரி, முதுமலைக்கு வருவோம். 1940-ல் சரணாலயமாச்சு. 2007-ல் புலிகள் காப்பகம். தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டிதான் உங்களை உள்ளே கூட்டிட்டுப் போகும். சொந்த வண்டியில் சுத்தறதெல்லாம் நடக்காது. ஒரு சவாரிக்கு ஒரு மணி நேரம்னு வெச்சுக்குங்க. அந்த ஒரு மணி நேரத்தில் புலி வருமா? பெரும்பாலும் வராது. சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஆனா, புலி வராததால ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லை. மரத்து மேல சாம்பல் நிற மந்தி உட்கார்ந்து கொழுந்தையும் காயையும் பாதி தின்னுட்டுப் பாதியைக் கீழே போடும். கீழே புள்ளிமான் கூட்டம் அதைப் பொறுக்கித் தின்னும். சிறுத்தையோ புலியோ வந்தா மந்தி மேலேருந்து பார்த்துக் கத்தும். மான் கூட்டம் வாலைத் தூக்கிட்டு உஷாராயிடும். மேல இருக்கறவருக்குக் கண்ணு, கீழ இருக்கறவருக்கு மோப்பம். ரெண்டும் சேர்ந்து காவல். வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லி அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்தா இதையெல்லாம் கேட்கலாம். 30 பேர் உள்ள வண்டியில் அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கறதுதான் புலியை விட அபூர்வம்!

இன்னொண்ணும் பாருங்க. ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேல்னு ஒரு புதர் கூடவே வந்துக்கிட்டு இருக்கும். ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ்னு குட்டிக் குட்டிப் பூக்கொத்து. ‘வாவ்’னு செல்ஃபி எடுப்பீங்க. அதுதான் உண்ணிச்செடி. சின்ன வயசில் அதோட கறுப்புப் பழத்தைப் பறிச்சுத் தின்னிருப்பீங்க. நல்லா பழுத்ததுன்னா தித்திப்பா இருக்கும். இந்தக் கதையின் வில்லன் அவர்தான். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்கு அழகுச் செடியா கொண்டு வந்தாங்க. வேலியைத் தாண்டி ஓடினது, திரும்பி வரவே இல்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவிகிதத்துக்கும் மேல் இதைக் காணலாம்.

பச்சையா இருக்கே, என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்கறீங்களா? அந்த இலையை மானும் தின்னாது, மாடும் தின்னாது. விஷம். அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேணும். காட்டில் புல் இல்லைன்னா அது எங்கே போகும்? ஊர்ப்பக்கம் வாழைத் தோட்டத்துக்குத்தான். அதோட, ஆள் உயரத்துக்கு முள்ளுப் புதர் மண்டிக் கிடந்தா, பத்தடி தூரத்தில் யானை நிக்கறதுகூடத் தெரியாது. ரேஷன் கடைக்குப் போற அம்மா, ஸ்கூலுக்குப் போற குழந்தை, ராத்திரி வேலை முடிஞ்சு நடந்து வர்றவர்... வேனில் உட்கார்ந்து ‘யானை வருமா’னு நாம ஏங்கறோம். அதே கேள்வியை அவங்க வேற மாதிரி கேட்டுக்கிட்டு நடக்கறாங்க.

அப்போ அந்த முள்ளை வெட்டறதுதானே சேவை? கிளம்பிடாதீங்க! அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மேலோட அரிவாளால் வெட்டினா, ஒண்ணு வெட்டின இடத்தில் பத்து துளிர்க்கும். தீ வெச்சாலும் வேர் பிழைச்சுக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. மண்ணுக்கு மூணு, அஞ்சு சென்டிமீட்டர் கீழே முக்கிய வேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழா கவிழ்த்து வைக்கணும். வேர் மேல, தலை கீழ. மறுபடி மண்ணைப் பிடிக்காது. பழம் பழுக்கறதுக்கு முன்னாடி செய்யணும், இல்லைன்னா பறவைகள் விதையை ஊர் முழுக்க விநியோகம் பண்ணிடும். அப்புறம் அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லு, உள்ளூர் மரம் வரணும். காலியா விட்டா, மண்ணில் கிடக்கிற பழைய விதை அடுத்த மழைக்கே எழுந்து நிக்கும். அதைப் பிடுங்க அடுத்த வருஷமும் ஆள் வேணும். அதுக்கு அடுத்த வருஷமும்.

இங்கேதான் நம்ம முகாம் தடுக்கி விழுது. இந்த வருஷம் ஒரு ஊர், அடுத்த வருஷம் வேற ஊர்னு போனா, எல்லா ஊரிலும் பாதி வேலை. என்.எஸ்.எஸ்-ஸில் ‘தத்து கிராமம்’னு ஒரு ஏற்பாடு ரொம்ப காலமா இருக்கு. அதை நிஜமாவே செய்யலாமே! நீங்க வெட்டின இடத்தில் உங்க ஜூனியர் களை எடுக்கட்டும், அவரோட ஜூனியர் புல்லு வளர்ந்திருக்கான்னு பார்க்கட்டும். காட்டுக்குள் வெட்ட வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக்கூடத் தொடக் கூடாது. ரேஞ்சர் ஆபீஸில் முன்கூட்டியே கடிதம் கொடுங்க. ஊர்ப் பாதை, பள்ளிக்கூட வேலி ஓரம்னு ஆரம்பிச்சாலே முகாமுக்கு வேலை சரியா இருக்கும். எந்தப் பாதையில் முதல்ல வெட்டணும்னு நோட்டீஸ் போர்டுக்குத் தெரியாது. அதில் தினம் நடக்கறவங்களுக்குத் தெரியும்.

வெட்டின முள்ளை என்ன பண்றது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டை வேகவெச்சு, பட்டை உரிச்சு, வளைச்சு, நிஜ யானை அளவுக்கே யானை செய்யறாங்க. காட்டில் தாங்கள் நேரில் பார்த்துப் பழகின யானைகளையே மாதிரியா வெச்சு! 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் போய் நின்னது. 2024-ல் அமெரிக்காவிலும் ஊர் ஊரா சுத்தினது. நாம ‘பழங்குடி மக்களுக்குக் கற்றுக் கொடுக்கப் போகிறோம்’னு பேனர் அடிக்கிறோம். முதல் நாள் மட்டுமாவது அவங்ககிட்டே கத்துக்கிட்டு வந்தா என்ன? காட்டில் உங்களுக்கு முன்னாடி நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலரிலும் நிறைய பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். சாணியைப் பார்த்தே எந்த விலங்கு, எப்போ போச்சுன்னு சொல்வார். நம்ம லேப் ரெக்கார்டு எல்லாம் பக்கத்தில் நிக்க முடியாது.

‘அப்போ எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?’ன்னு கோபப்படாதீங்க. உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு கலை இருக்கு. காலேஜ் அப்ளிகேஷன் போடறது! ரெண்டு வருஷம் முன்னாடிதான் ராத்திரி முழுக்க ஆன்லைனில் சுத்தி, ஓ.டி.பி. வராமல் தவிச்சு, போட்டோ சைஸ் குறைச்சு நீங்க போட்டீங்க. அந்த ஊரில் பிளஸ் டூ எழுதப் போற பையனுக்கும் பொண்ணுக்கும் வீட்டில் சொல்லித் தர ஆள் இருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துன்னு பேர் மாறி இருந்தா, எங்கே போய் மாத்தறதுன்னு தெரியாது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீஸோட முடியாது, கோட்டாட்சியர் கையெழுத்து போடணும். நேரம் பிடிக்கும். ஜூனில் தேட ஆரம்பிச்சா சீட்டு போயிடும். ஜனவரி முகாமில் நீங்க நாலு பேர் உட்கார்ந்து, யார் யாருக்கு எந்தப் பேப்பர் இல்லைன்னு ஒரு நோட்டில் எழுதி, ஊர்த் தலைவர்கிட்டேயும் ஸ்கூல் டீச்சர்கிட்டேயும் கொடுத்துட்டு, மே மாசம் மறக்காமல் போன் அடிச்சா... அடுத்த வருஷம் உங்க பக்கத்து பெஞ்சில் ஒருத்தர் வந்து உட்காரலாம். இதுக்குப் பேனர் தேவையில்லை. போட்டோவும் சரியா வராது. ஒரு ஆள் கையில் செல்போனை வெச்சுக்கிட்டு முறைக்கிற மாதிரிதான் இருக்கும்!

கடைசியா ஒரு வார்த்தை, டூர் கமிட்டிக்கு. சீப்பா கிடைக்குதுன்னு காட்டு ஓரத்தில் ஏதோ ஒரு ரிசார்ட்டைப் புக் பண்ணி, ‘நைட் சஃபாரி உண்டு’ன்னு எவரோ சொன்னதை நம்பிடாதீங்க. ராத்திரி டார்ச் அடிச்சு யானையைத் துரத்தறது சஃபாரி இல்லை. மசினகுடியில் ஒரு யானை மேல எரியுற டயரைத் தூக்கி எறிஞ்ச காட்சி 2021 ஜனவரியில் நாடு முழுக்கப் பரவினது ஞாபகம் இருக்கா? காதில் தீக்காயத்தோட அந்த யானை செத்துப்போச்சு. யானைகள் போக வர்ற சீகூர் வழித்தடத்தில் ரிசார்ட்டுகளே இருக்கக் கூடாதுன்னு வந்த உத்தரவை 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்தியிருக்கு. தங்குற இடத்தை வனத்துறைகிட்டே கேட்டு முடிவு பண்ணுங்க. 2024 மே மாசத்திலிருந்து நீலகிரிக்குப் போக இ-பாஸ் நடைமுறை வந்திருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி அதையும் பார்த்துடுங்க. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க. சென்ட்டை வீட்டிலேயே வெச்சுடுங்க, மந்தி மயங்காது.

ஆங்... மறந்துட்டேன். இந்த வருஷம் முகாம் போறவங்க, உங்க காலேஜின் முந்தைய பேட்ச் அந்த ஊரில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோட இருக்குன்னு எண்ணிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்க. எங்க பேட்ச் கணக்கை நானே முதல்ல ஒப்புக்கறேன். பல வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன். 200-ல் நாலு. நாலும் வேம்பு. நாலுமே குழாயடி ஓரம், குடம் வழிஞ்சு தண்ணி ஓடுற இடத்தில்.