‘புரியல மிஸ்...’ சொல்லக் காத்திருக்கும் குழந்தைகள்!

மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஏர்ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. சாலையை ஒட்டிய வகுப்பறையில் பாடம் நடத்தும் டீச்சர் ஒரு நொடி நிறுத்தி, லாரி கடந்ததும் தொடர்கிறார். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால், காதில் ஹியரிங் எய்டு மாட்டியிருக்கும் பிள்ளைக்கு? டீச்சரின் குரலைப் பெரிதாக்கும் அதே கருவி, அந்த ஹாரனையும் பெரிதாக்கித்தான் கொடுக்கிறது.

“மிஷின்தான் மாட்டியாச்சே, இன்னும் ஏன் கவனிக்க மாட்டேங்குற?” என்று அந்தப் பிள்ளையைக் கேட்பதற்கு முன், அந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

மூக்குக் கண்ணாடி மாதிரி இல்லை!

கண்ணாடியைப் போட்டதும் எழுத்து தெளிவாகிவிடும். ஹியரிங் எய்டு அப்படியில்லை. இரைச்சலை ஓரளவு குறைக்கும் நவீனக் கருவிகள்கூட, டீச்சரின் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. பேசுபவர் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். வகுப்பு நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓடும் ஃபேனும் இழுபடும் பெஞ்சும் சேர்ந்தாலே அந்த அளவு தாண்டிவிடும். லாரிச் சத்தம் அதற்கும் மேல்.

இதற்காகவே ‘எஃப்.எம் சிஸ்டம்’ என்ற கருவி இருக்கிறது. டீச்சர் சிறிய மைக் ஒன்றை மாட்டிக்கொண்டால், அவர் குரல் நேராக மாணவரின் ஹியரிங் எய்டுக்கே போய்விடும். விலை அதிகம் என்பதால் எல்லாப் பள்ளிகளிலும் இது இருக்காது. ஆனால், காசே இல்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. சாலைப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம். நன்றாகக் கேட்கும் காது டீச்சர் பக்கம் இருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசினால், உதட்டசைவையும் பார்த்துப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

விசில் அடித்தால் கழற்றாதீர்கள்!

கருவி ‘கீச்’சென்று விசில் அடிக்கும்போது, தொந்தரவு என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிரச்னை கருவியில் இருக்காது. பிள்ளை வளர வளரக் காதும் வளர்கிறது. காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து, சத்தம் வெளியே கசிவதால்தான் விசில் வருகிறது. புது அச்சு எடுத்தால் சரியாகிவிடும். கடற்கரையோர ஈரக்காற்றும் வியர்வையும் கருவிக்கு எதிரி. இரவில் பேட்டரியைத் தனியே எடுத்துவிட்டு, கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும். பள்ளிப் பையில் உபரி பேட்டரி எப்போதும் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த நாள் என்றால், அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடமே இல்லை என்று அர்த்தம்.

சென்னையில் பிறந்த ‘ஆவாஸ்’

காது கேட்டும் பேச முடியாத பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. செரிப்ரல் பால்ஸி, ஆட்டிசம் உள்ள சிலருக்கு மனதில் இருப்பது வாய்வழியே வராது. இவர்களுக்காகச் சென்னையிலேயே உருவான கருவி ‘ஆவாஸ்’. ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், கோட்டூர்புரம் ‘வித்யா சாகர்’ அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து இதை வடிவமைத்தார். 2011-ல் எம்.ஐ.டி-யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ், உலகின் இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. தனிக் கருவியாகத் தொடங்கிய ஆவாஸ், பிறகு டேப்லெட்டில் இயங்கும் ஆப் ஆனது. படத்தைத் தொட்டால், பிள்ளைக்குப் பதிலாக அது பேசும்.

“இப்படிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமோ?” என்பது பெற்றோரின் நியாயமான பயம். இதுவரை நடந்த ஆய்வுகளில் அப்படித் தெரியவரவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் ‘தண்ணி’, ‘பாத்ரூம்’, ‘சாப்பாடு’ என்று நான்கு படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘வேண்டாம்’, ‘பிடிக்கல’, ‘வலிக்குது’, ‘புரியல மிஸ்’ ஆகியவையும் இருந்தால்தான் அந்தப் பிள்ளை மாணவராக முடியும். டேப்லெட் வாங்க வசதியில்லையா? படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, கழுத்தில் மாட்டிவிட்டாலும் தொடங்கலாம்.

பார்வையற்ற மாணவர்களுக்கு ‘என்.வி.டி.ஏ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006-ல் இதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைத் தமிழிலும் படித்துக் காட்டும்.

கேட்டுப் பெறுங்கள்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் - 2016 இதைச் சலுகையாகச் சொல்லவில்லை. 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்கு, 18 வயது வரை புத்தகங்களையும் பொருத்தமான உதவி உபகரணங்களையும் இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. வீட்டருகே உள்ள பள்ளியில் படிக்கும் உரிமையை 31-வது பிரிவு தருகிறது. தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரைச் சந்தியுங்கள். மருத்துவ முகாம் எப்போது என்று கேளுங்கள். சான்றிதழும் யு.டி.ஐ.டி அட்டையும் கையில் இருந்தால் அடுத்தடுத்த வேலைகள் சுலபமாகும்.

கருவி வீட்டுக்கு வந்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. “உடைச்சுடுவான்” என்று பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். உடைந்த கருவியைச் சரிசெய்யலாம், கேட்காமல் கடந்துபோன ஒரு வகுப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், “இன்னிக்கு டீச்சர் சொன்னது கேட்டுச்சா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘கேட்கல’ என்று தலையாட்டினால், நாளை காலையில் முதல் வேலையாக அதை டீச்சரிடம் சொல்லுங்கள். திட்டு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு முன் பெஞ்சாவது கிடைக்கும்.